எந்த பஸ்ஸுக்குப் போகணும்?

1

ஊருக்கு வந்த மறுநாளே என் தம்பி செபாஸ்டின் விசாரணையை ஆரம்பித்துவிட்டான்.

"ஏக்கா, உங்க ஆஸ்பத்திரியில ரெய்டு நடந்துச்சாமே. ரூபி போன்ல சொல்லுச்சு. டாக்டரு ஏதும் கோளாறு பண்ணிட்டாரா?"

ரூபி என் மகள். இங்கிலாந்திலேயே பிறந்து வளர்ந்தவள். அவளுடைய தமிழில் 'ஆய்வு' என்ற சொல் கிடையாது. 'ரெய்டு' மட்டும் சினிமா பார்த்து எப்படியோ ஒட்டிக்கொண்டிருக்கிறது.

"ரெய்டெல்லாம் இல்லடா. கிளினிக் ஒழுங்கா நடக்குதான்னு ஆளு வந்து பாப்பாங்க. அம்புட்டுத்தான்."

"டாக்டரையே சோதிக்கவா? அதுக்கு அவரு ஒத்துக்கிட்டாரா?"

"ஒத்துக்கலைன்னா கதவைச் சாத்திட்டுப் போக வேண்டியதுதான்."

செபாஸ்டின் எங்கள் மலையூரான பெரும்பாறையில் காபியும் மிளகும் போட்டிருப்பவன். சரிந்து கிடந்த மிளகுக் கொடி ஒன்றை மரத்தோடு சேர்த்துக் கட்டினான். "நம்ம ஊர்ல ஊசிய எங்க வச்சிருக்காருன்னு எட்டிப் பாத்தாலே, வெளிய போய் உக்காருங்கம்பாரு," என்றான்.

அவனுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். நான் இருப்பது இங்கிலாந்தின் வடக்கே ஒரு மலைப் பள்ளத்தாக்கில். போய் இருபத்தாறு வருஷம் ஆகிறது. பள்ளத்தாக்கின் அடிவாரத்து ஊரில் ஒரு டாக்டர் கிளினிக். இரண்டு டாக்டர்கள், ஒரு நர்ஸ், முன் மேஜையில் மூன்று பேர், எல்லாவற்றுக்கும் மேனேஜராக நான். அங்கே இப்படிப்பட்ட கிளினிக்குகளைச் சோதிப்பதற்கென்றே ஒரு அரசு அமைப்பு இருக்கிறது. தடுப்பூசி ஃபிரிட்ஜ் எத்தனை டிகிரியில் ஓடுகிறது என்று தினமும் எழுதியிருக்கிறார்களா, ஆக்சிஜன் சிலிண்டர் காலாவதி ஆகிவிட்டதா, பழைய ஊசிகளைப் போடும் டப்பாவுக்கு மூடி இருக்கிறதா, நோயாளிகளின் விவரம் வெளியே கசியாமல் இருக்கிறதா என்று துருவுவார்கள். கூட்டுகிற அம்மாவைக் கூப்பிட்டு, ஒருவர் மயங்கி விழுந்தால் நீ என்ன செய்வாய் என்றுகூடக் கேட்பார்கள். எல்லாம் பார்த்துவிட்டு ஒரே ஒரு தீர்ப்பு தருவார்கள். அதை வாசல் கதவில் ஒட்டியாக வேண்டும்.

எங்கள் கதவில் ஏற்கெனவே ஒட்டியிருந்தது 'மேம்பட வேண்டும்'. அதற்குப் பிறகுதான் பழைய மேனேஜர் போய், முன் மேஜையில் இருந்த என்னை அந்த நாற்காலியில் உட்காரவைத்தார்கள். நான் ஆசைப்பட்டுத்தான் உட்கார்ந்தேன். பொய் அடக்கம் எனக்கு வராது. ஆனால் டாக்டர்கள் இருவரும் அன்றைக்கே சொல்லிவிட்டார்கள்: இன்னொரு முறை அதே தீர்ப்பு வந்தால் கிளினிக்கை மூடி, நோயாளிகளை டவுனில் உள்ள பெரிய கிளினிக்குக்கு மாற்றிவிடுவது என்று. டவுனுக்குப் போக இரண்டு பஸ் மாற வேண்டும். பள்ளத்தாக்கின் மேல்பக்கம் இருக்கிற கிழடுகளில் பாதிப் பேருக்குக் கார் இல்லை.

ஆக, ஒரு தீர்ப்பில் எல்லாம் தொங்கிக்கொண்டிருந்தது. மூன்று மாதம் நான் சரியாகச் சாப்பிடவில்லை.

2

இனி கொடைக்கானலுக்கு வருகிறேன். இல்லாவிட்டால் நான் செய்த தப்பு உங்களுக்குப் புரியாது.

கல்யாணத்துக்கு முன்னால் ஐந்து வருஷம் கொடைக்கானல் டவுனில் ஒரு தனியார் டாக்டரிடம் டோக்கன் கொடுக்கும் வேலை பார்த்தேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மூன்று அறைக் கட்டடம். காலை ஒன்பது மணிக்குள் வாசலில் முப்பது பேர் நிற்பார்கள். வந்தவரிடம் நான் பெயரைக் கேட்க மாட்டேன், உடம்புக்கு என்ன என்றும் கேட்க மாட்டேன். முதல் கேள்வி ஒன்றுதான்.

"எந்த பஸ்ஸுக்குப் போகணும்?"

மலையில் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அடுக்கத்துக்காரர்களுக்கு ஒன்றேகால் பஸ். அதை விட்டால் அன்றைக்கு அவ்வளவுதான். வடகவுஞ்சிக்காரர்களுக்கு இரண்டரை. எங்கள் பெரும்பாறைப் பக்கம் போகிறவர்களுக்கு மூன்று மணிவரை மூச்சுவிட நேரம் உண்டு. டவுன்காரர்கள் எப்போது வேண்டுமானாலும் நடந்து வீட்டுக்குப் போகலாம். அதனால் டோக்கனில் என்ன நம்பர் இருந்தாலும் உள்ளே அனுப்புவது பஸ் கணக்குப்படிதான். முப்பத்தொன்று போன பிறகு பன்னிரண்டு போகும். டாக்டர் ஒரு நாளும் ஏன் என்று கேட்டதில்லை. வரிசையில் நிற்பவர்களும் முணுமுணுத்ததில்லை. இன்றைக்கு அவர்கள் அவசரம், நாளைக்கு நம் அவசரம்.

முணுமுணுத்தது சுற்றுலா வந்தவர்கள்தான். ஒரு சென்னைக்காரர், ஜலதோஷம், கழுத்தில் புதுக் கம்பளி மப்ளர். "நான்தானேம்மா ஃபர்ஸ்ட் வந்தேன்?" என்று மேஜையைத் தட்டினார்.

"நீங்க ஃபர்ஸ்ட் வந்தீங்க சார். ஆனா ஒங்களுக்கு ரூம் இருக்குல்ல. இந்தம்மா ஒண்ணேகால விட்டா நடைதான். போய் வெயில்ல உக்காருங்க, ஜலதோஷத்துக்கு நல்லது."

கனகு அக்கா அங்கே நர்ஸ். உள்ளே இருந்து சிரித்தது வெளியே கேட்டது. "ஏடி ராணி, ஒனக்கு வாய் ரொம்பக் கூடிப்போச்சு," என்றார்.

கூடித்தான் போயிருந்தது. ஐந்து வருஷத்தில் ஒரு ஆள்கூட என்னால் பஸ்ஸை விட்டதில்லை. எந்த ஊர்க்காரருக்கு எந்த பஸ், எந்த டிரைவர் ஐந்து நிமிஷம் நிற்பார், யார் மலையேறி வந்து மூச்சிரைப்பவர், யாருக்குக் கைக்குழந்தை என்று அத்தனையும் என் தலையில் இருந்தது. எங்கேயும் எழுதி வைக்கவில்லை. எழுத வேண்டுமென்று தோன்றவும் இல்லை.

3

இங்கிலாந்தில் அந்த முன் மேஜையில் உட்கார்ந்த முதல் வாரம், போனில் ஒரு பெண்மணி டாக்டரைப் பார்க்க நேரம் கேட்டார். என் வாய் தானாகக் கேட்டது: "எந்த பஸ்ஸுக்குப் போகணும்?"

அவர் போனை வைத்துவிட்டார். இரண்டு நாளில் புகார்க் கடிதம் வந்தது. 'நான் இன்னும் வரவே இல்லை, அதற்குள் எப்போது கிளம்புவீர்கள் என்று கேட்கிறார்கள்.' அந்த அம்மாவிடம் இரண்டு கார் இருந்தது எனக்கு எப்படித் தெரியும்?

மன்னிப்புக் கடிதம் எழுதினேன். ஆனால் கேட்பதை நிறுத்தவில்லை. அந்தப் பள்ளத்தாக்குக்கும் எங்கள் மலைக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. மேலே போகும் பஸ் ஒரு நாளைக்கு மூன்றுதான். குளிர்காலத்தில் கடைசி பஸ் மத்தியானம் இரண்டு பத்துக்கு. ஒரு வருஷத்துக்குள் மேல்பக்கத்துக்காரர்கள் பழகிவிட்டார்கள். போனை எடுத்ததும் பெயர்கூடச் சொல்ல மாட்டார்கள். "ஜெயராணியா? ரெண்டு பத்து," என்பார்கள். அந்த ஒரு வார்த்தையில் எனக்கு அந்த நாடு சொந்தமாகிவிட்டது.

வயது ஏறியதும் எல்லாம் தலையில் நிற்கவில்லை. ஒரு நீல நோட்டு வாங்கினேன். யாருக்கு எந்த பஸ், யாருக்கு எந்தக் காது கேட்கும், யார் படியேற முடியாமல் பின்வாசலால் வருவார் என்று எழுதிக்கொண்டேன். தமிழில்தான் எழுதினேன். வேகமாக வரும் என்பது ஒரு காரணம். நாள் முழுக்க ஆங்கிலத்தில் பேசிவிட்டு, கையாவது கொஞ்சம் நம் பாஷையில் இருக்கட்டும் என்பது நிஜக் காரணம்.

ரூபி ஒரு முறை அந்த நோட்டைப் பார்த்தாள். பெரிய நகரத்தில் ஒரு கம்பெனியில் தகவல் பாதுகாப்பு வேலை அவளுக்கு. "மம்மி, திஸ் இஸ் நாட் ஓகே. வேற யாரும் படிக்க முடியாது. நீ இல்லன்னா என்ன பண்ணுவாங்க?"

"நான் எங்கடி போகப் போறேன்? என் வேலையை எனக்குச் சொல்லித் தராதே."

அவள் தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விட்டாள். சின்னப் பிள்ளையில் என்னோடு சண்டையாவது போடுவாள். இப்போது அதுவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை போன்கூடச் சுருங்கி, கை விரல் அளவு குறுஞ்செய்தியாகிவிட்டது. அன்றைக்கு அவள் சொன்னதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அதற்கு இப்போது வருத்தப்படுகிறேன்.

4

ஆய்வு குளிர்காலத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. ஒன்பது மணிக்கு ஆய்வாளர் வந்தார். ஐம்பது வயது அம்மா, பெயர் திருமதி கார்ட்டர். குரலை உயர்த்தாதவர். கூடவே ஆலோசகராக வெளியூர் டாக்டர் ஒருவர். அவர்கள் பேசியதை எல்லாம் நம் பாஷையிலேயே சொல்கிறேன்.

காலையில் நான் ராணிதான். ஃபிரிட்ஜ் பதிவைக் கேட்டார், ஒரு நாள் விடாமல் இருந்தது. ஆக்சிஜனைத் தூக்கித் திருப்பிப் பார்த்தார், தேதி சரி. ஊசி டப்பாக்களுக்கு மூடி, தீயணைப்பான் பக்கத்தில் சான்றிதழ், வேலை செய்பவர்கள் போட்டுக்கொண்ட தடுப்பூசி விவரம், எல்லாம் கோப்பில் வரிசையாக. கூட்டுகிற அம்மா கூட, மயங்கி விழுந்தவருக்கு என்ன செய்ய வேண்டும் என்று கணீரென்று சொன்னார். ஆய்வாளர் குறித்துக்கொண்டே இருந்தார். முகத்தில் ஒன்றும் படிக்க முடியவில்லை.

மத்தியானம் ஒன்றரை மணிக்கு எங்கள் பெரிய டாக்டரை உள்ளே உட்காரவைத்து இருவரும் கேள்வி கேட்க ஆரம்பித்தார்கள். கதவில் 'தொந்தரவு செய்யாதீர்' என்று அட்டை. வெளியே ஆர்தர் உட்கார்ந்திருந்தார். எண்பது தாண்டிய ஆட்டுக்காரர், கண் மங்கிய பிறகு கார் ஓட்டுவதை விட்டவர். காலில் ஆறாத புண். டாக்டர் பார்த்தே ஆக வேண்டும்; சின்ன டாக்டரோ வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கக் கிளம்பியிருந்தார். மணி ஒன்று நாற்பத்தைந்து, ஐம்பது, ஐம்பத்தைந்து. ஆர்தர் என்னைப் பார்த்தார். தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார். வாய்விட்டுக் கேட்கிற ஆள் இல்லை.

முன் மேஜையில் இருந்த சோஃபி என் கையைப் பிடித்தாள். "இன்னைக்கு மட்டும் வேண்டாம் ஜெயராணி. டாக்ஸி கூப்பிடலாம்."

"அந்த மலைக்கு எந்த டாக்ஸிடீ வரும்?" என்றேன். தமிழில்தான் வந்தது. அவளுக்குப் புரிந்தது.

போய்க் கதவைத் தட்டினேன். மூன்று பேரும் நிமிர்ந்தார்கள். "மன்னிக்கணும். ஆர்தருக்கு பஸ் பதினைந்து நிமிஷத்தில்," என்றேன். எங்கள் டாக்டர் உடனே எழுந்து போனார். எட்டு நிமிஷத்தில் புண்ணுக்குக் கட்டு மாற்றி, மருந்து எழுதி, ஆர்தரை அனுப்பிவிட்டார். பஸ் போகும் சத்தம் கேட்டதும் எனக்கு மூச்சு வந்தது.

ஆய்வாளர் என் மேஜைக்கு வந்தார். "அவருக்கு அந்த பஸ் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?"

இப்போது பாருங்கள் என் புத்தியை. பெருமையோடு நீல நோட்டை எடுத்து நீட்டினேன்.

அவர் பக்கம் பக்கமாகப் புரட்டினார். "இது என்ன எழுத்து?"

"தமிழ்."

"இதில் நோயாளிகளின் விவரம் இருக்கிறதா?"

"இருக்கிறது."

"இது பூட்டில் இருக்கிறதா?"

"மேஜை இழுப்பறையில். ஆனால் இந்தப் பள்ளத்தாக்கில் தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்திதான். இதைவிடப் பெரிய பூட்டு உண்டா?"

சோஃபி சிரிப்பை அடக்கிக்கொண்டாள். எனக்கும் என் பதில் பிடித்திருந்தது. ஆய்வாளர் நோட்டை மூடி மேஜைமேல் வைத்தார். கோபமே இல்லாமல் கேட்டார்.

"நாளைக்கு நீங்கள் வரவில்லை என்றால், ஆர்தர் எப்படி வீட்டுக்குப் போவார்?"

நோட்டை எடுத்து மறுபடி இழுப்பறையில் வைத்தேன்.

5

அந்தக் கேள்வி என்னைத் தைத்ததற்குக் காரணம் ஆர்தர் மட்டும் அல்ல. அதன் பதிலை இருபத்தாறு வருஷத்துக்கு முன்பே ஒருத்தி அனுபவித்திருந்தாள். அது நினைவுக்கு வந்துவிட்டது.

கல்யாணம் ஆகி நான் கொடைக்கானலை விட்டுக் கிளம்பியபோது எனக்குப் பதிலாக ஒரு பெண் வந்தாள். சாவிக் கொத்து கொடுத்தேன், டோக்கன் பலகை கொடுத்தேன், டாக்டருக்குக் காபியில் எவ்வளவு சர்க்கரை என்றுகூடச் சொன்னேன். பஸ் விஷயத்தைச் சொல்லவில்லை. மறைக்கவில்லை, அது சொல்லித்தர வேண்டிய ஒன்று என்று எனக்குத் தோன்றவே இல்லை.

மூன்று மாதம் கழித்துக் கனகு அக்காவிடமிருந்து கடிதம் வந்தது. அடுக்கத்து முருகாயி கைக்குழந்தையோடு வந்தாளாம். குழந்தைக்கு வயிற்றுப்போக்கு. புதுப் பெண் நம்பர்படிதான் உள்ளே விட்டாள். நம்பர்படி விடுவதில் அவள் மேல் குற்றம் சொல்ல முடியுமா? முருகாயி வெளியே வரும்போது ஒன்றேகால் பஸ் போய்விட்டது. பெருமாள்மலை வரை யாரோ ஜீப்பில் ஏற்றிவிட, அங்கிருந்து மழையில் பிள்ளையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு அடுக்கத்துக்கு நடந்தாள். குழந்தைக்குச் சளிக் காய்ச்சல் கண்டு, பெரியகுளத்தில் மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தது. பிழைத்துக்கொண்டது.

அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு நான் என்ன செய்தேன் தெரியுமா? அந்தப் புதுப் பெண்ணைத் திட்டினேன். சூதானம் இல்லாத கழுதை என்றேன். நான் இருந்திருந்தால் இப்படி ஆகியிருக்குமா என்று என் வீட்டுக்காரரிடம் பெருமை வேறு பேசினேன். இத்தனை வருஷமும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். ஆய்வாளர் கேட்ட அந்த நிமிஷத்தில்தான் அது யாருடைய தப்பு என்று விளங்கியது.

எனக்கு அவமானமாக இருந்தது. கழிப்பறைக்குப் போய் முகம் கழுவிவிட்டு வந்தேன்.

6

ஆய்வாளர் போவதற்கு முன் வாய்மொழியாகவே சொல்லிவிட்டார். அந்த நோட்டு இருக்கக்கூடாது. அதில் உள்ள வேலை நிற்கவும் கூடாது. இரண்டுக்கும் நீங்களே வழி கண்டுபிடித்து எங்களுக்கு எழுதுங்கள்.

அடுத்த பத்து நாள் நான் நோட்டைப் படிக்கப் படிக்க சோஃபி கம்ப்யூட்டரில் ஏற்றினாள். நேரம் பதியும் பக்கத்தில் பெயருக்கும் முன்னால் ஒரு கட்டம் வைக்கச் சொன்னேன்: எந்த பஸ்? அதை நிரப்பாமல் அடுத்த கட்டத்துக்குப் போகவே முடியாது. கார் இருந்தால் 'கார்' என்று போட வேண்டும். அந்த இரண்டு கார் அம்மாவுக்கும் அதே கேள்விதான்.

"பெயருக்கு முன்னாலேயா?" என்றாள் சோஃபி.

"ஆமாம். பெயர் ஓடிப்போகாது. பஸ் ஓடிப்போகும்."

நோட்டை நானே துண்டாக்கும் இயந்திரத்தில் விட்டேன். என் கையெழுத்து நூல் நூலாக விழுந்தது. வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் பயம் போய்விட்டது.

அறிக்கை ஆறு வாரம் கழித்து வந்தது. 'நன்று.' உள்ளே ஏழாம் பக்கத்தில், ஒருவர் மட்டும் படிக்கக்கூடிய பாஷையில் குறிப்பு வைத்திருந்தது தவறு என்றும், அது சரிசெய்யப்பட்டது என்றும் எழுதியிருந்தார்கள். அந்தப் பக்கத்தை மட்டும் படம் எடுத்து ரூபிக்கு அனுப்பினேன். 'நீ சொன்னது சரி' என்று கீழே எழுதினேன். என் வாழ்நாளில் அவளுக்கு நான் எழுதிய அப்படிப்பட்ட முதல் வரி அது. குறுஞ்செய்தி வரும் என்று பார்த்தால், போன் அடித்தது. ஒரு மணி நேரம் பேசினோம். அந்தச் சூட்டோடு செபாஸ்டினுக்கும் போன் போட்டு 'ரெய்டு' பற்றிச் சொல்லியிருக்கிறாள்.

டாக்டர் 'நன்று' என்ற தாளைக் கதவில் ஒட்டினார். நான் மூன்று வாரம் விடுப்பு எழுதிக் கொடுத்தேன்.

7

நேற்று கனகு அக்காவைக் கூட்டிக்கொண்டு அடுக்கம் போனேன். அக்காவுக்கு இப்போது முழங்கால் வலி, வேலையை விட்டுப் பல வருஷம் ஆகிறது. எதற்குப் போகிறோம் என்று பஸ்ஸில்தான் சொன்னேன்.

"இதுக்கா இம்புட்டு தூரம் வந்த? அவ மறந்தே போயிருப்பா," என்றார்.

முருகாயி வீட்டு வாசலில் எலுமிச்சம்பழம் தரம் பிரித்துக்கொண்டிருந்தாள். மறந்திருக்கவில்லை. என் முகத்தைப் பார்த்ததுமே, "டோக்கன் அக்காவா? ஆத்தி, தலையெல்லாம் நரச்சுப்போச்சே," என்று எழுந்தாள். குழந்தையைப் பற்றிக் கேட்டேன். அவனுக்குக் கல்யாணம் ஆகி, பெரியகுளத்தில் டயர் கடையில் வேலையாம்.

கடுங்காபி வந்தது. குடிப்பதற்கு முன் சொல்லிவிட வேண்டும் என்று ஆரம்பித்தேன். அந்தப் புதுப் பெண்ணுக்கு நான் சொல்லிவிட்டு வந்திருக்க வேண்டும், சொல்லாமல் போனேன், அதனால்தான் நீ மழையில் நடந்தாய், மன்னித்துக்கொள் என்றேன்.

அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள். "நீங்க பாட்டுக்குச் சீமைக்குப் போயிட்டீக. ஒங்க மேல என்ன தப்பு கெடக்கு? அன்னைக்கு நடக்கையில பூரா இதத்தேன் சொல்லிக்கிட்டே நடந்தேன். டோக்கன் அக்கா இருந்திருந்தா நம்மள வெரசா அனுப்பிவிட்டிருப்பாகன்னு. இப்பவும் எல்லார்ட்டயும் சொல்லுவேன். அக்காவுக்கு அப்புறம் யாரு நம்மள அப்படிக் கேட்டா?"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். இதைத் தாங்க முடியவில்லை, அழுதுவிட்டேன். கனகு அக்கா என் முதுகைத் தட்டிக்கொண்டே எலுமிச்சம்பழங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மணி இரண்டு ஆகியிருந்தது. அங்கே காலையில் கிளினிக் திறந்திருக்கும். போனில் சிக்னல் இரண்டு கோடு இருந்தது. என்ன தோன்றியதோ, கிளினிக் நம்பரை அழுத்தி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வைத்தேன். சோஃபி எடுப்பாள் என்று நினைத்தேன். எடுத்தது நான் கேட்டே இராத ஒரு குரல். சோஃபிக்குப் பதில் யாரோ தற்காலிகமாக வந்திருக்க வேண்டும். நான் யார் என்று சொல்லவில்லை. டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று மட்டும் சொன்னேன்.

அந்தப் பெண் என் பெயரைக் கேட்கவில்லை. உடம்புக்கு என்ன என்றும் கேட்கவில்லை.

"என்னக்கா கேக்குது அந்தப் புள்ள?" என்றாள் முருகாயி.

"எந்த பஸ்ஸுக்குப் போகணும்னு கேக்குது."

முருகாயி கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு போனுக்குப் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தாள். எனக்கு வாயில் வந்தது ஒன்றுதான். "அடுக்கம் பஸ்," என்றேன்.

அந்தப் பக்கம் தட்டச்சுச் சத்தம் நின்றது. "அந்தப் பெயர் எங்கள் பட்டியலில் இல்லை. பரவாயில்லை. எத்தனை மணிக்கு என்று சொல்லுங்கள், அதற்குள் உங்களை அனுப்பிவிடுகிறேன்," என்றது குரல்.

அதைத் தமிழில் முருகாயிக்குச் சொன்னேன். அவள் யோசிக்கவே இல்லை.

"ஒண்ணேகாலுன்னு சொல்லுங்கக்கா."